கொட்டகையில் மௌனம்

திரைப்படக் கொட்டகையில் வாய் திறப்பது குற்றமா? அறத்தை ஆராயும் ஏட்டில் இக்கேள்விக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், ஒருவரையொருவர் அறியாத பலநூறு பேர் இருளில் தோளோடு தோள் உரசி மூன்று மணி நேரம் அமர்ந்திருக்கும் இடங்கள் நம் நாட்டில் வேறு எத்தனை உள்ளன? சாதி கேட்காமல் சீட்டுக் கொடுக்கும் இடம் அது. அங்கே அயலாரிடம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பது சிறு செய்தியன்று.

சென்ற ஆண்டு மும்பையில் இந்திப் படமொன்று காணச் சென்றிருந்தோம். பின்வரிசையில் முதியவர் ஒருவரும், பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க அவர் பெயரனும் இருந்தனர். படம் தொடங்கியது முதல் பையன் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். இடையிடையே காதில் விழுந்த சொற்கள் தமிழ்ச் சொற்கள். கால் மணி நேரம் பொறுத்தோம். பிறகு திரும்பி, "பேசுவதானால் வீட்டிலேயே இருந்திருக்கலாமே" என்று அருகிலுள்ளோரும் கேட்கும்படிச் சொன்னோம். முணுமுணுப்பு நின்றது. இடைவேளையில் தேநீர் விற்குமிடத்தில் பையன் நம்மைக் கண்டு, "சாரி அங்கிள், தாத்தாவுக்கு இந்தி தெரியாது. நான்தான் சொல்லிட்டு வந்தேன்" என்றான்.

அவன் செய்தது புதிய வழக்கமும் அன்று. 1896 ஜூலை 7ஆம் நாள் பம்பாய் வாட்சன் ஓட்டலில் முதன்முதல் காட்டப்பட்ட படங்கள் ஊமைப் படங்களே. அவ்வூமைக் காலத்தில், எழுத்தறியாதாருக்காகத் திரையில் தோன்றும் வாசகங்களை உரக்கப் படித்து விளக்குவோர் இருந்தனர். கொட்டகை என்றால் குரல் ஒலிக்கும் இடமென்பதே வழக்கம். 1931 மார்ச் 14ஆம் நாள் பம்பாய் மெஜஸ்டிக் கொட்டகையில் 'ஆலம் ஆரா' வெளியாகித் திரை பேசத் தொடங்கிய பின்னரே, கீழே இருப்போர் வாய் மூட வேண்டிய தேவை பிறந்தது. அன்று கூலிக்குச் செய்த வேலையை இச்சிறுவன் தாத்தாவுக்காகச் செய்தான்.

அப்படியானால் ஓசை எல்லாம் நன்றே என்று கூறிவிடலாமா? அதுவும் பொருந்தாது. 2023 நவம்பரில் மகாராட்டிரத்து மாலேகாவ் நகரில், விருப்ப நடிகர் திரையில் தோன்றியதும் கொட்டகைக்குள்ளேயே பட்டாசு கொளுத்தினர் சிலர். மக்கள் அஞ்சி ஓடினர். பிறரை அச்சத்தில் ஆழ்த்தும் களிப்பைக் களிப்பென்று ஒப்புக்கொள்ள நம்மால் இயலாது. ஆனால் அதே மாநிலத்தில், மும்பை மராத்தா மந்திரில், 1995இல் வெளியான 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' ஆயிரம் வாரங்களுக்கு மேல் ஓடியது. அங்கு வருவோர் வசனத்தைத் திரையோடு சேர்ந்தே சொல்வர். பாட்டுக்குச் சீழ்க்கை அடிப்பர். அங்கே ஒருவர் எழுந்து அமைதி கோருவாரானால், முறை தெரியாதவர் அவரே. 1997இல் தில்லி சாகேத்தில் தொடங்கிய பல்திரை அரங்குகளிலோ நிலைமை வேறு. மிகுந்த விலை கொடுத்து வாங்கும் சீட்டில் மௌனமும் சேர்த்தே விற்கப்படுகிறது போலும்.

நம் மனத்துக்குப் பட்டதைச் சொல்கிறோம். ஓசையின் அளவைக் கொண்டு குற்றத்தை அளத்தல் தகாது. சீழ்க்கை அடிப்பவன் தன் மகிழ்ச்சியில் கொட்டகை முழுவதையும் கூட்டுச் சேர்க்கிறான். தாழ்ந்த குரலில் கைப்பேசியில் கடைக்கணக்குப் பேசுபவனோ, பக்கத்தில் மனிதர் இருப்பதையே மறந்துவிடுகிறான். இவ்விருவரில் பின்னவனையே நாம் குறை கூறுவோம். நம் பின்வரிசைச் சிறுவனோ இவ்விருவரினும் வேறு. அவனுக்கு ஒருவர் நினைவு மட்டுமே இருந்தது.

ஒழுங்கைக் காப்பதாகக் கிளம்புவோர் காரணம் கேட்பதில்லை; இதுவே நம்மை வருத்துகிறது. 2016இல் கோவாவில், நாட்டுப்பண் ஒலித்தபோது எழாத ஒருவரைப் பின்னாலிருந்து அடித்தனர். அவர் சக்கர நாற்காலியின் துணையால் வாழ்பவர், எழ இயலாதவர். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள், கொட்டகைகளில் நாட்டுப்பண் கட்டாயம் என உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2018 ஜனவரி 9ஆம் நாள் அக்கட்டாயத்தை நீக்கியது. ஆணை வரும், போகும். அடித்த கையும் நம் நாவும் ஓரினமே என்பதை எண்ணும்போது நாணுகிறோம்.

ஏன் அவ்வளவு உரக்கச் சொன்னோம்? படம் கெட்டது என்பதால் மட்டுமா? அன்று, பக்கத்து இருக்கையார் முகம் சுளித்ததை நாம் பார்த்தோம். அந்தத் தமிழ்ப் பேச்சோடு நம்மையும் சேர்த்து எண்ணிவிடுவரோ என்ற அச்சம் உள்ளே இருந்தது. பல தலைமுறைகளாக நாகரிகம் அற்றவரென ஒதுக்கப்பட்ட நம்மவரில் ஒருவர், மெத்தை இருக்கை கிடைத்ததும் முதலில் அதட்டியது நம்மவரையே. இதை எழுதக் கை கூசுகிறது. எழுதாவிடில் இக்கட்டுரைக்குப் பொருளில்லை.

நற்சொல்லுக்கு ஐந்து அடையாளங்களைப் போதித்தார் பகவர்: காலமறிந்து சொல்லல், உண்மை, மென்மை, பயன், அன்புள்ளம். நம் சொல்லை அவற்றில் வைத்துப் பார்த்தோம். ஓசை இருந்தது உண்மை. காலமும் பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். மற்ற மூன்றும் இல்லை. "தம்பி, தாத்தாவுக்கு ஏதேனும் விளங்கவில்லையா?" என்று கேட்க ஒரு நொடி போதுமாயிருந்தது. கேட்டிருந்தால், கடைசி வரிசையில் காலியாயிருந்த ஓர இருக்கைகளைக் காட்டியிருக்கலாம். அங்கே எவருக்கும் இடையூறின்றிப் பேசியிருப்பர்.

பையனிடம் வருத்தம் தெரிவித்தோம். அவன் தலையசைத்துவிட்டுத் தேநீரை ஏந்திக்கொண்டு சென்றான். மணி அடித்து விளக்கணைந்ததும் திரும்பிப் பார்த்தோம். பின்வரிசையில் இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன. இறுதிவரை அவர்கள் வரவில்லை. படத்தின் பிற்பகுதி முழுவதும் ஒரு சொல்லும் தவறாமல் நம் காதில் விழுந்தது.