உள்ளத்தின் நாட்டமும் உடலின் நோயும்

நோயுற்ற ஒருவர் நாள்தோறும் சிறிது நேரம் தனித்து அமர்கிறார். நோவுள்ள இடத்தில் கையை வைத்துக்கொள்கிறார். சிதறி ஓடும் எண்ணங்களை ஒன்று திரட்டி, இவ்வுடல் நலம்பெற வேண்டுமென்று நாடுகிறார். அந்த நாட்டத்தில் அச்சம் இல்லை. தம்மை வருத்தும் உடலின்மீது சினமும் இல்லை. அன்பு ஒன்றே நிறைந்திருக்கிறது. இம்முறை இன்று பல நாடுகளில், பல பெயர்களில் பயிலப்பட்டு வருகிறது. இதனால் நோய் தீருமா? தீரும் என்றால், தீராதபோது குற்றம் யாருடையது? முதல் வினாவைப் பலரும் எழுப்புகின்றனர். இரண்டாவது வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. ஆயினும், நோயாளியின் நெஞ்சை இரவெல்லாம் அறுப்பது அந்த இரண்டாவது வினாதான்.

நாம் அறிந்த அம்மையார் ஒருவர் மார்பகப் புற்றுநோயால் நெடுநாள் துன்புற்றார். மருத்துவமும் செய்துகொண்டார், துஆவும் இடைவிடாது கேட்டார். காண வந்தோர் நல்லெண்ணத்தோடுதான் பேசினர். "நிய்யத்தை உறுதியாக வையுங்கள் லாத்தா, உள்ளத்தில் ஐயம் இருந்தால் எப்படிக் குணமாகும்?" என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிச் சென்றனர். நோய் முற்றியது. ஒரு நாள் மாலை அவர் நம்மைப் பார்த்து, "தம்பி, என் நிய்யத்தில் என்ன குறை இருந்தது?" என்று கேட்டார். நாம் வாயடைத்து நின்றோம். நோயின் வலியோடு குற்றவாளியென்னும் வலியையும் அவர்மீது சுமத்திவிட்டோமே என்னும் உணர்வு அன்று தோன்றியது, இன்றுவரை நீங்கவில்லை.

உள்ளத்திற்கு உடலின்மீது ஆட்சி இல்லையென்று நாம் கூறவில்லை. கி.பி. 1037இல் மறைந்த பேரறிஞர் இப்னு ஸீனா, ஆன்மாவைப் பற்றிய தம் நூலில் இதற்கு எளிய சான்று ஒன்று காட்டியுள்ளார். தரையில் கிடக்கும் பலகைமீது ஒருவன் தயக்கமின்றி நடக்கிறான். அதே பலகையைப் பெரும் பள்ளத்தின் குறுக்கே பாலமாக இட்டால், அவன் கால்கள் தடுமாறுகின்றன. பலகை மாறவில்லை, விழுவோம் என்ற எண்ணம் உள்ளத்தில் குடிபுகுந்தது, உறுப்புகள் அதற்குப் பணிந்தன. அச்சம் உடலைத் தள்ளாடச் செய்யுமாயின், அன்பும் அமைதியும் அதனைத் தாங்கிப் பிடிக்கும் என எதிர்பார்ப்பதில் தவறில்லை.

இக்கால ஆய்வுகளும் இதற்கு இசைவான சான்று தருகின்றன. 2008ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அமெரிக்க ஆய்வொன்று வெளிவந்தது. தீராத குடல் உபாதையுடைய 262 பேர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். முதற்பிரிவினருக்குச் சிகிச்சை ஏதும் தரப்படவில்லை. இரண்டாம் பிரிவினருக்குத் தோலைத் துளைக்காத போலி ஊசிகளால் பொய்யான குத்தூசிச் சிகிச்சை செய்யப்பட்டது. செய்தவர் அதிகம் பேசவில்லை. மூன்றாம் பிரிவினருக்கும் அதே போலிச் சிகிச்சைதான். ஆனால் செய்தவர் அவர்களோடு அமர்ந்து, குறை கேட்டு, பரிவு காட்டினார். மூன்று வாரங்களுக்குப் பின் போதிய நிவாரணம் கண்டதாகக் கூறியோர் முறையே நூற்றுக்கு 28, 44, 62 பேர். இரு பிரிவிலும் ஊசி பொய்தான். அவற்றைப் பிரித்து நின்றது பரிவு ஒன்றே.

எனினும், இதனோடு நிறுத்திக்கொண்டால் உண்மையின் பாதியை மறைத்தவர்களாவோம். 2011இல் ஆஸ்துமா நோயாளரிடையே நடந்த மற்றோர் ஆய்வில், உண்மை மருந்தை உறிஞ்சியபோது நுரையீரலின் திறன் நூற்றுக்கு 20 பங்கு உயர்ந்தது. போலி மருந்தினால் உயர்ந்தது ஏறத்தாழ 7 பங்கே. சிகிச்சை ஏதும் பெறாதபோதும் அவ்வளவே உயர்ந்தது. ஆனால் நோயாளரைக் கேட்டபோது, உண்மை மருந்தும் போலி மருந்தும் ஏறத்தாழ ஒரே அளவு சுகம் தந்ததாகக் கூறினர். இதில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. நம்பிக்கை துன்பத்தைத் தணித்தது; மூச்சுக் குழாயை விரிக்கவில்லை. நோய் வேறு, நோயினால் வரும் துன்பம் வேறு. அன்பின் கை பெரும்பாலும் எட்டுவது துன்பத்தை. அது சிறிய பேறன்று. ஆனால் சுகம் தோன்றிவிட்டது என்று மருந்தைக் கைவிடுபவர், உள்ளே நோய் வளர்வதை அறியாமலே இருந்துவிடக்கூடும்.

இங்கே நிய்யத் என்னும் சொல்லைச் சற்று ஆராய்வோம். இமாம் புகாரி அவர்கள் தம் ஹதீஸ் தொகுப்பின் முதலிடத்தில் வைத்தது எண்ணத்தைப் பற்றிய நபிமொழியையே. ஆயின் அது எதனை அளக்கிறது? செயலின் தகுதியை அளக்கிறது. விளைவை நம் கைக்குள் கொண்டுவந்து தருவதாக அது கூறவில்லை. நாடுவது அடியானின் கடமை. ஆக்குவது ஆண்டவனின் உரிமை. நிய்யத் வலுத்தால் நோய் தீர்ந்தே ஆகவேண்டும் என்பவர், நம்பிக்கையை உயர்த்துவதாக எண்ணிக்கொண்டு, அதனை ஒரு விசையாகத் தாழ்த்துகிறார். விசையை அழுத்தியும் விளக்கு எரியாவிட்டால், அழுத்தியவர்மீது பழி விழுகிறது.

ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் நோயுற்றிருந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காண வந்தார்கள். நெற்றியில் கை வைத்து, முகத்தையும் வயிற்றையும் தடவி, நலத்திற்காக இறைஞ்சினார்கள். அந்தக் கையின் குளிர்ச்சியைத் தாம் இன்னமும் உணர்வதாக ஸஅத் அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தது புகாரியில் பதிவாகியுள்ளது. அபூதாவூதில் காணப்படும் மற்றோர் அறிவிப்பில், ஸஅத் அவர்களின் நெஞ்சில் கை வைத்த நாயகம் (ஸல்) அவர்கள், இது இதயத்தின் நோய் என்று கூறி, ஹாரிஸ் பின் கலதா என்னும் மருத்துவரிடம் செல்லுமாறு பணித்தார்கள். கை வைத்தலும் உண்டு. மருத்துவரிடம் அனுப்புதலும் உண்டு. ஒன்று மற்றொன்றை விலக்கவில்லை. உன் உள்ளத்தில் என்ன குறை என்ற கேள்வி மட்டும் அங்கே எழவேயில்லை.

ஆதலால் நாம் அமர்வோம், கை வைப்போம், அன்போடு நாடுவோம். வேளை தவறாமல் மருந்தும் உண்போம். நலம் வந்தால் நன்றி கூறுவோம். வராவிட்டால், தம்மைத் தாமே கடியாதிருக்க வேண்டிய வேளை அதுவே. அன்பு மிகுதியும் தேவைப்படுவதும் அப்போதுதான். உடல் தேறும் என்ற பேரத்தின்மேல் செலுத்தப்படுவது அன்பாகாது. தேறாத உடலையும் வெறுக்காதிருப்பதே அன்பு.

அந்த அம்மையார் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அன்று நாம் சொல்லத் தவறிய விடை இதுதான்: உங்கள் நிய்யத்தில் குறை ஏதும் இல்லை லாத்தா, குறை எங்கள் சொல்லில் இருந்தது. இதனை அவர் கேட்க வழியில்லை. நாளை நாம் காணச் செல்லும் நோயாளியேனும் இதனை நம் வாயால் கேட்கட்டும்.