செய்தவர் பெயர்

ஓசூர் சிப்காட்டில், இயந்திரக் கட்டுப்பாட்டு நிரல்களை, யார் என்ன திருத்தினார் என்று பதிந்துவைக்கும் சப்வெர்ஷன் மென்பொருளிலிருந்து அதேபோன்ற கிட்டுக்கு மாற்றும்போது வேலை பாதியில் நின்றது. ஒரு பயனர்பெயர் யாருடையது என்று நிரல் எழுதியவர்கள் பட்டியலில் இல்லை.

“யாரோன்னு போட்டு ஓட்டிடுங்க சார்” என்றான் உடனிருந்த தம்பி. மனம் வரவில்லை. கிட்டில் ஒவ்வொரு பதிவின் 40 எழுத்து அடையாளமும் செய்தவர் பெயர், நேரம், முந்தைய பதிவு எல்லாம் சேர்ந்து பிறப்பது. பிறகு ஒரு பெயரைத் திருத்தினாலும் அதன் வழிவந்த அத்தனை அடையாளங்களும் மாறிவிடும்.

வினை அறிவற்றது, தானாகச் செய்தவனைச் சென்றடையாது, இறைவனே சேர்ப்பிக்கிறான் என்கிறது சைவ சித்தாந்தம். அன்று சேர்ப்பிக்கும் பொறுப்பு என் கையில் இருந்தது. பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்தப் பயனர்பெயர் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஒருவருடையது. எட்டே மாத வேலை. அவர் திருத்தியது ஒரே வரி. அது இன்னும் ஓடுகிறது. அவர் பெயரைப் பட்டியலில் முழுதாக, முதலெழுத்தோடு அடித்தேன்.