விட்டதும் பெற்றதும்

நல்லவை பல இருக்கும்போது அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, 'இதுவே எனக்கு மிகவும் உகந்தது' என்று சொல்வது நியாயமா? பெற்ற பிள்ளைகளில் யார்மேல் பிரியம் அதிகம் என்று தாயைக் கேட்டால், "எல்லாரும் ஒன்றுதான்" என்பாள். தாய்க்கு அது தர்மம். ரசிகனுக்கு அந்தத் தர்மம் பொருந்தாது. எல்லாமே பிடிக்கும் என்கிறவன் பெரும்பாலும் எதையும் உட்கார்ந்து கேட்காதவனாகவே இருப்பான். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போதுதான், எதை உயர்ந்தது என்று மதிக்கிறோம் என்பது நமக்கே விளங்குகிறது. கலைஞனுக்கு மார்க்குப் போடுவதாக நினைத்துக்கொண்டு, நம் மனத்தின் கதவையே நாம் திறந்து காட்டிவிடுகிறோம்.

இந்த விஷயத்தை ஒரு குறிப்பிட்ட சங்கீதத்தை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். 1969 முதல் 1973 வரை அமெரிக்காவில் ஜாஸ் வித்வான்கள் சிலர் செய்து பார்த்த கலப்பு அது. 'ஜாஸ் பியூஷன்' என்று பிற்பாடு அதற்குப் பெயர் நிலைத்தது.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகத்துக்குத் தந்த செல்வம். நம் சங்கீதத்தில் மனோதர்மத்துக்கு என்ன இடமோ அந்த இடம் அதிலும் உண்டு. மெட்டு ஒன்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு வாசிப்பவன் அந்தக் கணத்தில் கற்பனையை ஓடவிடுவான். 1960களின் இறுதியில் ராக் சங்கீதம் இளைஞர்களை அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டது. மின்சாரக் கித்தாரின் ஓசைக்கு முன்னால் ஜாஸ் கச்சேரிகளுக்குக் கூட்டம் குறைந்தது. அப்போது ஜாஸ்காரர்கள் சிலர், எதிராளியின் வாத்தியத்தையே கையில் எடுத்தார்கள். மின்சாரப் பியானோ வந்தது, மின்சாரக் கித்தார் வந்தது, ராக்கின் ஓயாத தாளமும் வந்தது.

உடனே வழக்கும் வந்தது. 'சுத்தம் கெட்டது, பணத்துக்காகக் கலையை விற்றுவிட்டார்கள்' என்பதே குற்றச்சாட்டு. டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ்தான் முதல் குற்றவாளி. ஸ்டான்லி கிரவுச் என்ற விமர்சகர், இருபது ஆண்டுகள் கழித்தும் கோபம் ஆறாமல், மைல்ஸ் தம்மையே விலை பேசிவிட்டார் என்று எழுதினார்.

இந்த வழக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆப்பிரிக்கத் தாளம், ஐரோப்பியப் பட்டாளத்தின் பித்தளை வாத்தியங்கள், மாதாகோவில் பாட்டு எல்லாம் ஒன்றுசேர்ந்த கலப்பில் பிறந்ததுதான் ஜாஸ். கலப்பில் பிறந்த ஒன்று கலப்பினால் கெட்டது என்றால் அது என்ன நியாயம்? பணத்தை அளவுகோலாக வைப்பதும் சரியில்லை. விற்றதெல்லாம் மட்டமும் இல்லை. விற்காமல் கிடந்ததெல்லாம் உன்னதமும் இல்லை. புத்தகம் எழுதிப் பிழைக்கிற எவனுக்கும் இது தெரியும்.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? என் அளவுகோல் எளிமையானது. இரண்டு சேரும் இடத்தில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்க்கிறேன். கல்யாணம் ஆன பிறகும் இருவரும் தத்தம் வீட்டு வழக்கத்தில் ஓர் அணுவும் விடமாட்டோம் என்றால், அது ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனம். விடாமல் சேர்த்துக்கொண்டே போவது நகை பூட்டுகிற காரியம். விட்டபின் சேர்வதுதான் கலப்பு.

இந்த அளவுகோலோடு சில இசைத்தட்டுகளைக் கேட்போம்.

முதலில் 'எமர்ஜென்சி'. 1969 மே மாதம் பதிவானது. டிரம்ஸில் டோனி வில்லியம்ஸ், கித்தாரில் இங்கிலாந்திலிருந்து வந்த ஜான் மக்லாக்லின், ஆர்கனில் லாரி யங். வில்லியம்ஸ் தமது 17-வது வயதிலேயே மைல்ஸின் குழுவில் இடம் பெற்றவர். இந்தத் தட்டில் மூன்று பேரும் மூன்று புயல்கள். ஒலிப்பதிவு கரகரவென்று இருக்கிறது. அந்தக் கரகரப்புகூட அதன் ஆவேசத்துக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஆனால் யாரும் எதையும் விடவில்லை. இளமையின் முழு வேகமும் அங்கே கொட்டிக் கிடக்கிறது. கேட்டு முடித்ததும் பிரமிப்பு வருகிறது. மீண்டும் கேட்கக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது.

அடுத்தது மைல்ஸின் 'பிட்சஸ் புரூ'. 1969 ஆகஸ்டில் மூன்று நாட்களில் பதிவாகி, 1970-இல் இரட்டைத் தட்டாக வெளிவந்தது. கிராமி பரிசும் பெற்றது. ஒரு பெரிய கூட்டத்தையே சேர்த்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரத்துக்கு இருண்ட காட்டில் நம்மை நடக்கவிடுகிறார். எங்கிருந்து எந்தக் குரல் வரும் என்று தெரியாது. பின்னால் வந்தவர்கள்மேல் அதன் செல்வாக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது என்று பலரும் சொல்வார்கள். சரித்திரத்துக்கு அதுவே முதல் இடம் பெறட்டும். ஆனால் செல்வாக்கு வேறு, பிரியம் வேறு. ஊர்ப் பெரியவர் எல்லாரையும் நாம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வருவதில்லை அல்லவா?

மக்லாக்லின் 1971-இல் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற குழுவைக் கூட்டி 'தி இன்னர் மவுண்டிங் ஃபிளேம்' என்ற தட்டைக் கொடுத்தார். 'மகாவிஷ்ணு' என்ற பெயர், நியூயார்க்கில் இருந்த வங்காளத் துறவி ஸ்ரீ சின்மாய் அவருக்குச் சூட்டியது. ஐந்து பேர்; இங்கிலாந்து, அயர்லாந்து, செக்கோஸ்லோவாகியா, பனாமா, அமெரிக்கா என்று ஐந்து மண்ணில் பிறந்தவர்கள். வேகமென்றால் அப்படி ஒரு வேகம். நமக்குக் கண்ட நடையும் மிசிர நடையும் பழக்கமானதால், ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஓடும் அந்தத் தாளங்கள் நம்மைத் திகைக்க வைப்பதில்லை. கையைத் தொடையில் போட வைக்கின்றன. ஆயினும் கேட்கக் கேட்க, திறமை தன்னையே கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு எழுகிறது.

அதே மக்லாக்லின் இன்னொரு காரியமும் செய்தார். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். பிறகு மின்சாரக் கித்தாரை ஒதுக்கிவைத்துவிட்டு, எல். சங்கரின் பிடில், ஜாகீர் உசேனின் தபேலா, ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கம், விக்கு விநாயக்ராமின் கடம் இவற்றோடு தரையில் உட்கார்ந்து 'சக்தி' குழுவாக வாசித்தார். உலகமெல்லாம் மெச்சிய ஓசையை விட்டுவிட்டு, பெரிய பெயர் வாங்கிய பிறகு மாணாக்கனானது லேசான விஷயமில்லை. 1976-இல் வெளிவந்த 'சக்தி'யின் முதல் தட்டு நான் எடுத்துக்கொண்ட காலத்துக்குச் சற்றுப் பிந்தியது. இல்லாவிட்டால் என் தேர்வு இன்னும் சங்கடமாகியிருக்கும்.

1973-இல் வந்த ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹண்டர்ஸ்' பத்து லட்சத்துக்குமேல் விற்றது. கால் தானாக ஆடும் சங்கீதம். அதில் ஒரு பாட்டின் ஆரம்பத்தில் ஒரு விசித்திரமான ஊதல் கேட்கும். மத்திய ஆப்பிரிக்கக் காட்டுவாசிகள் சிறு குழலை ஊதியும் இடையிடையே குரல் கொடுத்தும் எழுப்பும் ஓசையை, பில் சம்மர்ஸ் என்ற கலைஞர் பீர் பாட்டிலை ஊதி அப்படியே கொண்டுவந்திருக்கிறார். கேட்க ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் பத்து லட்சம் தட்டு விற்றபோது, காட்டில் ஊதியவனுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி அந்த ஆனந்தத்தின் ஓரத்தில் வந்து நிற்கத்தான் செய்கிறது.

இனி என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், 1969 பிப்ரவரி 18 அன்று ஒரே நாளில் மைல்ஸ் பதிவு செய்த 'இன் எ சைலண்ட் வே' தான் அது. மொத்தம் 38 நிமிடம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே உருப்படிகள்.

அங்கே கூடியிருந்தவர்களைப் பாருங்கள். மின்சாரப் பியானோவுக்கும் ஆர்கனுக்குமாக ஹான்காக், சிக் கொரியா, ஜோ ஜாவினுல் என்று மூன்று பேர். ஒவ்வொருவரும் தனிக்கச்சேரி செய்யும் தகுதி உள்ளவர்கள். மூவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடாத நல்ல குடும்பம்போல் வாசிக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து 'எமர்ஜென்சி'யில் இடியாய் இடிக்கப்போகிற அதே வில்லியம்ஸ், இங்கே முதல் பக்கம் முழுவதும் ஒரு ஜாலராத் தட்டை மட்டும் சன்னமாக ஒலித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் அவர் கட்டவிழ்கிறார். அத்தனை நேரம் அடங்கியிருந்ததால் அந்த ஒரு நிமிடம் நம் நெஞ்சைத் தூக்கிப் போடுகிறது.

இரண்டாம் பக்கத்தின் தொடக்க மெட்டை முதலில் எடுப்பவர் மக்லாக்லின். 27 வயது, அமெரிக்காவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கித்தாரே வாசிக்கத் தெரியாதவன்போல் வாசி என்று மைல்ஸ் அவரிடம் சொன்னதாகப் பிரசித்தம். கற்றதை மறந்து வாசிக்கச் சொல்லும் அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு இருக்கிறது! அவருக்குப் பிறகு வெய்ன் ஷார்ட்டரின் சாக்ஸபோன். அதன் பிறகே தலைவர் வாய் திறக்கிறார், அதுவும் ஷார்ட்டரோடு சேர்ந்து. பெயர் போட்ட அட்டை அவருடையது. முதல் வார்த்தையோ நேற்று வந்த பிள்ளையுடையது. எத்தனை பெரிய மனிதர்களுக்கு இது கைவரும்?

இங்கே கதையை முடித்துவிட்டால் சௌகரியமாக இருக்கும். ஆனால் வழக்கின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்.

அந்த மெட்டு மைல்ஸுடையதன்று. வியன்னாவில் பிறந்த ஜாவினுலுடையது. ஆஸ்திரியாவில் ஆடு மேய்த்த பிள்ளைப் பிராயத்தின் நினைவைக் குழைத்துச் செய்தது. அதில் அவர் அடுக்கடுக்காக ஸ்வரக் கூட்டுகளை வைத்திருந்தார். மைல்ஸ் அவற்றைக் களைந்துவிட்டு, ஒரே ஆதார சுருதியின்மேல் மெட்டை மிதக்கவிட்டார். ஜாவினுலுக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. 1971-இல் வந்த தம் சொந்தத் தட்டில், விட்டுப்போனதைத் திரும்பச் சேர்த்து வாசித்துக்கொண்டார். தன் பொருளைத் தான் விட்டால் தியாகம். பிறன் பொருளை விடச் செய்தால் அதற்கு என்ன பெயர்? என் அளவுகோல் இங்கே என்னையே திருப்பிக் குத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. பதிவுக்குப் பின் தயாரிப்பாளர் டியோ மசேரோ ஒலிநாடாவைக் கத்தரித்து ஒட்டினார். இரண்டாம் பக்கத்தின் முடிவில் அந்த மெட்டு மறுபடி வருகிறதே, அதை யாரும் இரண்டாம் முறை வாசிக்கவில்லை. முதலில் வாசித்ததன் பிரதிதான் கடைசியில் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தந்தக் கணத்தின் கற்பனையே உயிர் என்று சொல்கிற சங்கீதத்தில் இது மோசடி ஆகாதா?

ஜாவினுல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் தருவது ஒன்று உண்டு. ஆறு மாதம் கழித்து அவர் மைல்ஸிடம் இன்னொரு மெட்டைக் கொடுத்தார். 'பிட்சஸ் புரூ'வின் முதல் பாட்டு அது. முதல் பெண்ணைக் கொடுத்த வீட்டில் குறை கண்டவன், இரண்டாம் பெண்ணையும் அதே வீட்டில் கொடுப்பானா? அந்த வீட்டில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதை அவர் உணர்ந்திருக்கவேண்டும். அதற்காக மைல்ஸ் செய்தது குற்றமே இல்லை என்று நான் தீர்ப்பெழுதமாட்டேன். அந்த வடு அந்தத் தட்டில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது இது என்று சொல்லும்போது வடுவையும் சேர்த்தே சொல்கிறேன். குறையில்லாததைத்தான் நேசிப்போம் என்று சங்கல்பம் செய்துகொண்டால் மனிதரையும் நேசிக்க முடியாது, மனிதர் செய்ததையும் நேசிக்க முடியாது.

நாடாவை ஒட்டிய மோசடிக்கு அந்தத் தட்டே பதில் சொல்லிவிடுகிறது. முதலில் அந்த மெட்டைக் கேட்டபோது அது விடியற்காலைபோல் இருந்தது. நடுவில் தாளம் வந்தது, வேகம் வந்தது, வில்லியம்ஸ் கட்டவிழ்ந்தார், எல்லாம் ஓய்ந்தது. பிறகு அதே நான்கு நிமிடங்கள், ஓர் அட்சரம் மாறாமல் திரும்பி வருகின்றன. ஆனால் இப்போது அது அந்திப் பொழுதாகக் கேட்கிறது. ஒலிநாடா மாறவில்லை. கேட்டவன் மாறியிருக்கிறான்.