பயப்படு, ஆனால் படுத்துவிடாதே!

அந்த வீடியோவை நீயும் பார்த்துவிட்டாய். சான் பிரான்சிஸ்கோ தெரு. முன்சீட் காலி. ஸ்டியரிங் தானாகச் சுற்றுகிறது. பின்சீட்டில் ஒரு பெண் ஹாயாகப் போன் பார்த்துக்கொண்டு போகிறாள்.

பார்த்ததும் என்ன செய்தாய்? டிரைவர்கள் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினாய். "நம்ம பொழப்பு முடிஞ்சுது மாப்ள" என்று எழுதினாய். சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டாய்.

எழுந்திரு!

பயப்படாதே என்று நான் சொல்ல மாட்டேன். பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் எதற்குப் பயப்படுகிறாய் என்று தெரிந்து பயப்படு!

கூகுள் இந்த வேலையைத் தொடங்கியது 2009-இல். வேமோ என்ற பெயரில் ஆளில்லா டாக்சியை ஃபீனிக்ஸில் பொதுமக்களுக்கு விட்டது 2020 அக்டோபரில். சான் பிரான்சிஸ்கோவில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்றானது 2024 ஜூனில். பதினைந்து ஆண்டு! அவ்வளவு பணம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கே பதினைந்து ஆண்டு!

ஜெனரல் மோட்டார்ஸ் என்ன ஆனது? குரூஸ் என்ற நிறுவனத்தை 2016-இல் வாங்கி, ஆயிரம் கோடி டாலருக்கு மேல் இறைத்தது. 2023 அக்டோபரில் குரூஸ் வண்டி ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டே போனது. கலிஃபோர்னியா அரசு அனுமதியை நிறுத்தியது. 2024 டிசம்பரில் ரோபோ டாக்சியே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்கள்.

2025 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கரண்ட் போனது. சிக்னல்கள் அணைந்தன. வேமோ வண்டிகள் நடுரோட்டில் திகைத்து நின்றன!

நீ நிற்பாயா? சிக்னல் எரியாத வடபழனியில் கையைக் காட்டி, நாலு பேரைத் திட்டி, இரண்டு பேரிடம் திட்டு வாங்கி, வெளியே வந்துவிட மாட்டாயா?

சிரித்தாயா? சிரிக்காதே! அந்த வண்டி கற்றுக்கொள்ளும். அதன் வேலையே அதுதான். நீ கடைசியாக எப்போது எதையாவது கற்றுக்கொண்டாய்?

"மத்திய அமைச்சர் கட்கரியே சொல்லிட்டாரே, இந்தியாவுல ஆளில்லா வண்டிய விடமாட்டேன்னு!"

சொன்னார். 2023-இல் சொன்னார். நல்லது. அதற்காகத் தூங்கிவிடலாமா? டெல்லி மெட்ரோவில் 2020 டிசம்பரிலேயே ஓட்டுநர் இல்லாத ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நம் பூந்தமல்லி மெட்ரோ பாதைக்கு வந்திருப்பதும் அதே மாதிரி ரயில்தான். அமைச்சர் மாறுவார், சட்டம் மாறும். உன் வீட்டு வாடகை மாறுமா?

இன்னொன்றும் கேள். 2025-இல் ஆஸ்டினிலும் அட்லாண்டாவிலும் வேமோ வண்டி எந்த ஆப்பில் வந்தது தெரியுமா? ஊபரில்! நீ காலையில் லாகின் போடுகிறாயே, அதே ஊபரில்! முன்சீட்டில் யார் இருந்தால் ஆப்புக்கு என்ன? இது புரிந்தால் உனக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் உனக்கு வேண்டும்!

ஏஐ வரப்போகிறது என்கிறாய். வரப்போகிறதா? அது வந்து பல வருஷம் ஆகிவிட்டது! உன் டேஷ்போர்டில் ஆப்பாக உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சவாரி உனக்கா, பக்கத்துத் தெருவில் நிற்பவனுக்கா என்று அதுதான் முடிவு செய்கிறது. மழை பெய்தால் ரேட்டை ஏற்றுவதும் அது. ஐடியைப் பிளாக் செய்வதும் அது. முகம் கிடையாது, கெஞ்சவும் முடியாது.

அது உன் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கணக்கு வைத்திருக்கிறது. நீ வைத்திருக்கிறாயா?

சொல்! போன மாதம் ஒரு கிலோமீட்டர் ஓட்ட உனக்கு எவ்வளவு செலவு?

தெரியாது! டீசல் போட்டது தெரியும். டியூ தெரியும். டயர் தேய்ந்தது? இன்சூரன்ஸ்? எஃப்சி? பிக்கப்புக்குக் காலியாகப் போன தூரம்?

கிலோமீட்டருக்கு 18 ரூபாய் கிடைக்கிறது என்று வை. 100 கிலோமீட்டர் ஓடுகிறாய். அதில் 40 காலி ஓட்டம். கைக்கு வந்தது 1,080 ரூபாய். அப்படியென்றால் நீ ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிடைத்தது 10 ரூபாய் 80 காசு! டீசல், டியூ, டயர், டீ எல்லாம் அதற்குள்தான்.

இது தெரியாமல் பத்து வருஷம் ஓட்டியிருக்கிறாய். யாருக்காக ஓட்டினாய்?

"நான் எட்டாவதுதான் படிச்சேன்." எட்டாவது படித்தவனுக்கு வகுத்தல் தெரியும்!

"டியூ கட்டணும், நேரமில்ல." ஏர்போர்ட் பார்க்கிங்கில் வரிசைக்குக் காத்துக் கிடக்கிறாயே, அது என்ன நேரம்? ரீல்ஸ் நேரமா?

"வயசாயிடுச்சு." இதே சென்னையில் கை ரிக்‌ஷா இழுத்தவர்கள் இருந்தார்கள். 1973-இல் கை ரிக்‌ஷாவை அரசு ஒழித்தது, சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. இழுத்தவன் மிதிக்கக் கற்றுக்கொண்டான். அவர்களுக்கு வயசாகவில்லையா? கால் வலிக்கவில்லையா?

உன் கதையையே எடுத்துக்கொள். சந்து பொந்தெல்லாம் தெரிந்தவன்தான் டிரைவர் என்றிருந்தது. மேப் வந்தது. நேற்று ஊருக்கு வந்தவனும் டிரைவரானான். உன் பழைய திறமைக்கு மதிப்பில்லாமல் போனது. நீ செத்தா போனாய்? இன்னும் ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறாய்!

வண்டியால் முடியாத வேலை எது என்று பார். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகும் ஒரு பெரியவரை நினைத்துக்கொள். மகன் நியூ ஜெர்சியில். அவருக்கு வண்டி மட்டும் போதுமா? படியில் கைகொடுத்து இறக்க வேண்டும். வீல்சேர் பிடிக்க வேண்டும். முடியும்வரை காத்திருந்து, மாத்திரை வாங்கி, வீட்டுக் கதவுவரை விட வேண்டும். "அப்பா வந்துட்டார் சார்" என்று மகனுக்கு மெசேஜ் போட வேண்டும். இதை வேமோ செய்யுமா? நீ செய்வாய்!

அப்படிப் பத்துக் குடும்பம் உன் நம்பரை வைத்திருக்கிறதா? ஏன் இல்லை? மாதக் கணக்கு பேசக் கூச்சமா? "வேண்டாம்" என்பார்கள் என்று பயமா? சொல்லட்டுமே! ஆப் கொடுத்த சவாரியைத் திருடச் சொல்லவில்லை. உன் ஏரியா அபார்ட்மென்ட்களில் போய்க் கேள். ஐந்து பேர் வேண்டாம் என்றால் ஆறாவது வீட்டு மணியை அடி!

"தனி ஆளா நான் என்ன பண்ண முடியும்?" தனி ஆளாக ஏன் நிற்கிறாய்? 2022 நவம்பரில் பெங்களூரில் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு நம்ம யாத்ரி ஆப் வந்தது. கமிஷன் கிடையாது, சந்தா மட்டும். சென்னைக்கும் வந்தது. 2025 பிப்ரவரியில் ஊபரே ஆட்டோவுக்குக் கமிஷனைக் கைவிட்டு சந்தாவுக்கு இறங்கி வந்தது. கமிஷனை அசைக்கவே முடியாது என்று நீயும்தானே ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டிருந்தாய்?

சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆப் நிறுவனங்கள் தங்கள் ஆண்டு வரவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம்வரை உன்னைப் போன்றவர்களின் நலனுக்குத் தர வேண்டும் என்கிறது அது. இ-ஷ்ரம் தளத்தில் பதிந்தாயா? தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் இருக்கிறது. அதில்?

பதியவில்லை என்றால் இந்த வாரமே போய்ப் பதி. இன்று ராத்திரி வண்டியை நிறுத்தியதும் ஒரு நோட்டு வாங்கு. ஓடிய தூரம், காலி ஓட்டம், டீசல், கையில் நின்றது, நாலையும் எழுது. எழுதி முடிக்காமல் நாளைக்கு லாகின் போடாதே!