அழைக்கும் சொல்லில் அன்பு பிறக்கும்

இறைவனை அடையும் நெறிகளை நான்காக வகுத்தது சைவம். ஆண்டானுக்கு அடிமை போல நிற்பது தாச மார்க்கம். தந்தைக்கு மைந்தன் போல நிற்பது சற்புத்திர மார்க்கம். தோழனுக்குத் தோழன் போல நிற்பது சக மார்க்கம். ஞானத்தால் ஒன்றுபடுவது சன்மார்க்கம். இவற்றுள் முதல் மூன்றும் மனிதர் தம்முள் கொள்ளும் உறவுகளின் பெயர்களே. ஆகவே மனிதரோடு உறவு பேணத் தெரியாதவர், இறைவனோடு உறவு கொண்டதாகச் சொல்வதில் பொருளில்லை.

நெருக்கத்தைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. உற்றவரோடு கொள்வது உறவு. சூழ்ந்து நின்று தாங்குவோர் சுற்றம். நாள்பட்டு வேரூன்றுவது கேண்மை. ஊரோடு ஒத்து உதவி வாழ்வது ஒப்புரவு. திருவள்ளுவர் நட்பைப் பற்றி மட்டும் ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். அவற்றுள் தீ நட்பும் கூடா நட்பும் அடங்கும். சொல் இனிதாயிருந்தும் உள்ளம் பொருந்தாத உறவை அவர் நட்பாகக் கொள்ளவில்லை.

அழைத்த ஒரு சொல்லே பெயராக நிலைத்த வரலாறு திருநாவுக்கரசருடையது. சீகாழியில் அவர் ஞானசம்பந்தரை முதன்முதலாகக் கண்டபோது, முதியவராகிய அவர் பாலகராகிய சம்பந்தரின் திருவடியில் வீழ்ந்து வணங்கினார். சம்பந்தர் அவரைக் கைபற்றி எடுத்து, தாமும் தொழுது, “அப்பரே” என்று அழைத்தார். ஒருவர் அந்தணர் குலம். மற்றவர் வேளாளர் குலம். வயதும் வேறு, ஊரும் வேறு. அத்தனை வேற்றுமையையும் தந்தை என்னும் ஒரு சொல் கடந்தது.

சொல்லோடு அது நின்றுவிடவில்லை. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, இறைவன் அளித்த படிக்காசைக் கொண்டு இருவரும் மடம் அமைத்து அடியார்களுக்கு அமுதளித்தார்கள். திருப்பூந்துருத்திக்குச் சம்பந்தர் சிவிகையில் வந்தபோது, அப்பர் யாரும் அறியாமல் கூட்டத்தினுள் புகுந்து சிவிகையைத் தாங்கினார். அதை அறிந்த சம்பந்தர் பதைபதைத்துக் கீழே இறங்கி வணங்கினார். ஒருவர் பாரம் சுமந்தார். மற்றவர் உயரத்திலிருந்து இறங்கினார். புரிந்துணர்வு என்று இன்று மேடைகளில் பேசப்படுவது இதுதான்.

இந்தச் சோதனை ஆலங்குடாக் கரைக்கும் வந்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வீடு வாசல் இழந்து வந்தவர்கள் 70,000 பேருக்கும் மேல். அவர்களிற் பலர் மன்னாரிலிருந்து கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கினர். கற்பிட்டிக் குடாநாட்டு ஊர்களில் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. இருந்தவர்கள் சோறும் நீரும் நிலமும் பகிர்ந்தார்கள். காலம் நீண்டபோது கிணற்று நீர், கூலி வேலை, பள்ளிக்கூடத்தில் இடம் என்று நெருக்கடி வந்தது, முகங்கள் மாறின. 2009இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பிச் சென்றனர். பலர் இங்கேயே வேரூன்றினர்.

அந்நாட்களில் வந்தவர்களுக்கு ஏற்பட்ட பெயர் ‘அகதி’. இதன் பொருள் கதியற்றவர் என்பது. இந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளையையும் அப்பெயரால் அழைத்தால் அந்தப் பிள்ளையின் உள்ளம் என்ன பாடுபடும்? இறைவனே எல்லோருக்கும் கதி என்று கோயிலில் கைகூப்பும் அடியவர், வெளியே வந்து இன்னொருவரைக் கதியற்றவர் என்பது எப்படிப் பொருந்தும்?

இதே கரையில் வேறு சொற்களும் உண்டு. முஸ்லிம் அன்பரை ‘நானா’ என்று தமிழர் அழைக்கின்றனர். தமிழில் மரியாதைக்குரிய ‘ஐயா’, சிங்களத்தில் மூத்த சகோதரனைக் குறிக்கிறது. ‘மச்சான்’ என்ற தமிழ்ச் சொல்லோ சிங்களவர் நாவிலும் தோழமைச் சொல்லாகிவிட்டது. முன்னேஸ்வரத்தில் சிங்கள மக்களும் வணங்குகிறார்கள். தலவில அன்னம்மாள் தேவாலயத்துக்குச் சைவர்களும் போகிறார்கள். இணைக்கும் சொற்கள் முன்னரே மக்கள் வாயில் இருக்கின்றன. அவற்றுக்குரிய செயல்தான் வேண்டும்.

அச்செயல் வீட்டு வேலியிலிருந்து தொடங்க வேண்டியது. அண்ணன் தம்பி என்ற முறை இருந்தும், எல்லைச் சண்டையால் ஆண்டுக்கணக்காகப் பேசாதவர்கள் ஒரே தேரின் வடத்தைப் பிடிப்பதுண்டு. வடம் பிடித்த கை, திரும்பும் வழியில் அடுத்த வீட்டுப் படலையைத் திறக்குமானால் அந்தத் திருவிழா நிறைவு பெறும். முதலில் அழைப்பவர் தாழ்ந்தவராகார். சிவிகையிலிருந்து இறங்கிய சம்பந்தர் தாழ்ந்துவிடவில்லை.

சொல்லும் செயலும் ஒன்றாகும் அன்பை எல்லோருக்கும் எம்பெருமான் அருள்வாராக.

சுபம்.