விளக்குக்குப் பின்னால் வானம்

மைசூர் அரண்மனையில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறைகளிலும் இரவு ஏழு மணிக்கு விளக்குப் போடுகிறார்கள். ஏறத்தாழ 97,000 பல்புகள். கூட்டம் 'ஓ' என்கிறது, செல்போன்கள் உயர்கின்றன.

கேமராவுக்கு இந்த விசேஷமெல்லாம் தெரியாது. சட்டத்தில் பாதிக்கு மேல் கறுப்பு. ரொம்ப இருட்டு என்று தானே முடிவுகட்டி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பல்புகள் ஒன்றோடொன்று கலந்து வெள்ளைத் திட்டாகிவிடும். வளைவு எது, தூண் எது என்று தெரியாது. எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் இறக்கிப் பார்த்தால் பல்புகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன.

*

டிரைபாட். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ஷட்டர் சில வினாடிகள். பட்டனை அழுத்தும் விரலே படத்தை அசைத்துவிடும் என்பதால் இரண்டு வினாடி டைமர். நடப்பவர்கள் படத்தில் புகையாகிப் போகிறார்கள். செல்ஃபிக்காக அசையாமல் நிற்பவர்கள் மட்டும் முழுசாக இருக்கிறார்கள். கொஞ்சம் அநியாயம்தான்.

*

இத்தனைக்கும் மேல் ஒன்று இருக்கிறது, அது கேமராவில் இல்லை. பழைய மர அரண்மனை 1897இல் தீயில் போனபின், ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912இல் முடிந்த கட்டடம் இது. சாம்பல் கருங்கல், இளஞ்சிவப்புக் குவிமாடங்கள். பல்புகள் அதன் விளிம்புகளை மட்டுமே கோடு இழுத்துக் காட்டுகின்றன. கோடுகளுக்கு நடுவே உள்ள கல்லையும் குவிமாடத்தையும் காட்ட வானத்தில் மிச்ச வெளிச்சம் வேண்டும்.

விளக்குப் போடும் நேரம் மாறுவதில்லை, அஸ்தமனம் மாறுகிறது. அக்டோபரில் சூரியன் ஆறு மணியை ஒட்டியே இறங்கிவிடும். ஏழுக்கு வானம் மை. தசராக் கூட்டம் முழுக்க அந்தக் கறுப்பில்தான் படமெடுக்கிறது. ஜூன் கடைசியில் அஸ்தமனம் ஆறே முக்காலைத் தாண்டும். விளக்கு எரிந்து கால் மணி நேரம் போனால், வானத்தின் நீலமும் பல்பின் மஞ்சளும் சமமாக நிற்கிற சில நிமிடங்கள் கிடைக்கும். மழைக்காலம் வேறு, முற்றம் நனைந்திருந்தால் அரண்மனை தரையிலும் கிடக்கும். ஆளுக்கு ஆள் லென்ஸ் கேட்கிறார்கள். நான் மாதத்தைச் சொல்வேன்.

*

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் மஞ்சளைக் கழுவப் பார்க்கும். டேலைட்டில் வைத்துவிடுகிறேன். எஃப்/16 வரை மூடினால் ஒவ்வொரு விளக்கும் நட்சத்திரமாகக் கதிர் விடும் என்பார்கள். தெருவிளக்கு நாலு இருக்கும் இடத்தில் அழகு. இங்கே 97,000.