ஊர் கூடி இழுத்த தேர்

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பது முன்னோர் மொழி. தேர் நகர்வதற்குப் பல கைகள் தேவை என்பது அதன் வெளிப்படைப் பொருள். நிலைக்கு வந்து சேர்ந்தபின் அத்தேர் யாருடையது என்னும் வினாவும் அதனுள் அடங்கியிருக்கிறது. அவ்வினா இன்று புதியதொரு வடிவில் எழுந்துள்ளது.

தனித்தனியே தொழில் புரிவோர் ஓரிடத்தில் கூடியமர்ந்து தத்தம் வேலையைச் செய்வதற்கென, 2005ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிராட் நியூபெர்க் என்பவர் கூட்டுப் பணிமனை ஒன்றைத் தொடங்கினார். முதலில் வாரத்திற்கு இரண்டே நாள் நடந்த அம்முயற்சி பின்னர் உலகெங்கும் பரவியது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இத்தகைய பணிமனைகள் இன்று பலவாகும்.

சிறு பட்டணமொன்றில் அத்தகைய மனையை அமைக்க இளைஞர் சிலர் விழைகின்றனர் என்று கொள்வோம். கடைவரிசையின் மேல்மாடிக்குப் பிணைத்தொகையும் முன்வாடகையும் கட்ட வேண்டும். மேசை, நாற்காலி, மின்வசதி, இணைய இணைப்பு ஆகியனவும் வேண்டும். வங்கியில் ஈடு காட்ட அவர்களிடம் ஏதுமில்லை. எனவே இணையத்தின் வழியாக ஊராரிடம் ஆளுக்கு 50 வெள்ளி கேட்கின்றனர். மொழிபெயர்ப்பாளர், வீட்டிலிருந்து கணக்கெழுதும் பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என 300 பேர் மனமுவந்து கொடுக்க, 15,000 வெள்ளி சேர்கிறது, பணிமனையும் எழுகிறது. ஓராண்டு கழிந்ததும் பெரிய நிறுவனமொன்று அம்மாடி முழுவதையும் இருமடங்கு வாடகைக்குத் தனக்கே கேட்கிறது. “ஒப்பந்தம் எங்கள் பெயரில் உள்ளது, முடிவும் எங்களுடையதே” என்று அவ்விளைஞர்கள் கூறுவது முறையாகுமா?

இவ்வாறு திரட்டப்படும் பணம் ஒரு தன்மையது அன்று. கைம்மாறு கருதாத நன்கொடையாக வருவதுண்டு. பின்னர்ப் பெறப்போகும் பயனுக்கு முன்விலையாக வருவதுண்டு. பங்குமுதலாக வருவதும் உண்டு. பங்குவழித் திரட்டலுக்கு மலேசியப் பத்திர ஆணையம் 2015ஆம் ஆண்டில் விதிமுறை வகுத்தது. ஆகவே பங்காளியின் உரிமையைச் சட்டம் பேசும். நன்கொடையில் மோசடி நேர்ந்தாலும் சட்டம் கேட்கும். மோசடி ஏதுமின்றி நோக்கம் மட்டும் மாறிவிடுமாயின், ஆங்கே கேட்பதற்கு அறம் ஒன்றே எஞ்சி நிற்கிறது.

வள்ளுவர் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். இரண்டும் ஒன்றாயின் ஓர் அதிகாரமே போதுமன்றோ? வறியவர்க்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்வோன் பொதுநலத்திற்கு உதவுவது ஒப்புரவு. பணிமனைக்குத் தரப்பட்ட 50 வெள்ளி இளைஞர்க்கு இட்ட பிச்சையன்று. ஊருக்குச் செய்த ஒப்புரவு. அதனைத் தம் கையில் ஏற்றவர்கள் அதற்குக் காவலர்களே அன்றி உடைமையாளர் அல்லர்.

பொதுப்பணம் திரட்டிய பழைய முயற்சிகள் இதனைத் தெளிவாக்கும். 1885ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் எழுப்ப, ஜோசப் புலிட்சர் தம் நாளிதழின் வழியே ஓரிலட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். தொகை எவ்வளவு சிறிதாயினும் கொடுத்தவர் பெயரை அவ்விதழ் வெளியிட்டது. பெயரை அச்சிடுவது ஒரு மரியாதை. அதுவே ஒரு கணக்குமாகும். மலாயாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தவித்த காலத்தில், 1960ஆம் ஆண்டில் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணம் அவர்களைப் பங்குதாரர் ஆக்கியது. தோட்டத்தில் உழைத்தவரே தோட்டத்திற்கு உரியவருமாயினர்.

“கூடுதல் வாடகையைப் பெற்று, வேறோரிடத்தில் இதனினும் பெரிய பணிமனை அமைக்கலாமே” என்பார் உளர். அது நல்ல யோசனையாகவும் இருக்கலாம். எனினும் அதனைக் கொடுத்தோர்முன் வைத்து, அவர்தம் இசைவைப் பெற்ற பின்னரே செய்தல் வேண்டும். கேளாமற் செய்த நன்மையும் நம்பிக்கையைக் குலைத்துவிடும்.

கொடுத்தோர்க்கும் ஒரு வரம்புண்டு. 50 வெள்ளி தந்தமையால் எந்நாற்காலியை எங்கே இடுவது என நாள்தோறும் ஆணையிடுதல் தகாது. கணக்குக் கேட்பது அவர் உரிமை, ஆட்டிப்படைப்பது உரிமையன்று. உண்மையாய் உழைத்தும் முயற்சி தோற்குமாயின் அதனை வஞ்சனை எனத் தூற்றுதலும் அறமாகாது. தோல்விக்கும் வஞ்சனைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவது திறந்து வைத்த கணக்கேடு ஒன்றே.

பணிமனையை நடத்தும் உழைப்பு இளைஞருடையது; அதற்குரிய ஊதியமும் அவர்க்கு உரியது. அது எதற்காக எழுந்ததோ அந்நோக்கம் மட்டும் கொடுத்தோர் அனைவருக்கும் உரியது. வடம் பிடித்தவர்களைக் கேளாமல் தேரை வேறு வீதிக்குத் திருப்ப, தேர்மேல் நிற்பவர்க்கு உரிமையில்லை. நாளை பொதுப்பணி ஏற்கவிருக்கும் மாணவர்கள் இன்றே மனத்திற் பதிக்க வேண்டிய பாடம் இதுவாகும்.